இளைப்புக்குள் ஒளிந்திருக்கும் படபடப்பு

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்புவது அபூர்வமல்ல. பல நேரங்களில் அது மூச்சிரைப்பின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

பர்மாவில் 1917-இல் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்து, இரண்டாம் உலகப் போரின்போது தாயுடனும் சகோதரிகளுடனும் கோயம்புத்தூருக்குத் தப்பி வந்தவர் டாக்டர் எஸ்.பத்மாவதி. இந்தியாவின் முதல் பெண் இதய நோய் நிபுணர் என்று போற்றப்படும் தமிழ்ப் பெண். 1959-இல் எஸ்.என்.பாதக்குடன் சேர்ந்து, ‘சர்குலேஷன்’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். டெல்லியைச் சேர்ந்த 127 நோயாளிகளைப் பற்றியது அந்த ஆய்வு. அத்தனை பேருக்கும் நுரையீரல் நோய் முற்றி, இதயத்தின் வலப்பக்கம் பழுதாகியிருந்தது.

இந்த நோய் பெண்களையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் டெல்லியில் கவனிக்க வேண்டியதாக இருந்தது. புகைபிடிக்கும் பழக்கம் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்த சமூகம் அது. அப்படியானால் பெண்களின் நுரையீரலைக் கெடுத்தது எது? பத்மாவதியின் ஆய்வுகள் கைகாட்டிய இடம் சமையலறை. விறகும் வறட்டியும் எரிந்த அடுப்பின் புகையைப் பல ஆண்டுகள் சுவாசித்ததன் விளைவு, கடைசியில் இதயத்தில் வந்து நின்றது.

நுரையீரலில் தொடங்கும் நோய் இதயம்வரை போகும் என்பது மருத்துவப் பாடப் புத்தகங்களில் ஏறி வெகுகாலம் ஆகிறது. நோயாளிகளின் வீடுகளுக்குத்தான் அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை. இருமல், சளி, வீசிங் என்று வருடக்கணக்கில் மருந்து எடுக்கும் ஒருவர், “நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது” என்று சொன்னால், “மூச்சு வாங்குதுல்ல, அதனால இருக்கும்” என்று வீட்டிலேயே பதில் வந்துவிடுகிறது. சில சமயம் அந்தப் பதில் சரி. சில சமயம் அது ஓர் உயிரின் விலை.

மூச்சு நோயாளியின் நாடியை யாராவது பார்க்க வேண்டும், அவருக்கு இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை வலியுறுத்தும் முதல் செய்தி. படபடப்போடு வரும் நுரையீரல் நோயாளிக்கு இதய மாத்திரை எழுதும் முன், அவருடைய நுரையீரலையும் அவர் கையிலிருக்கும் மருந்துச் சீட்டையும் ஆராய வேண்டும் என்பது இரண்டாவது.

ஐந்தரைக் கோடிப் பேரின் நோய்

சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட சுவாச அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் சுருங்கி, நுரையீரலின் காற்றுப் பைகள் சிதைந்துபோகின்றன. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராது. சிகரெட், பீடி, அடுப்புப் புகை, ஆலைத் தூசி, பழைய காசநோய் விட்டுச்சென்ற தழும்பு, சரியாகக் கவனிக்கப்படாத ஆஸ்துமா எனப் பல வழிகளில் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். மரணத்துக்கான காரணங்களில் அந்த ஆண்டு அதற்கு நான்காவது இடம்.

இந்தியாவின் நிலையை 2018-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. 1990-இல் 2.8 கோடியாக இருந்த சி.ஓ.பி.டி. நோயாளிகளின் எண்ணிக்கை, 2016-இல் 5.5 கோடியாகியிருந்தது. உலக மக்கள்தொகையில் நம் பங்கு 18 சதவீதம். நாள்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கியமான வாழ்நாள்களிலோ நம் பங்கு 32 சதவீதம்.

இவர்களில் பலருடைய உயிரைப் பறிப்பது மூச்சுத்திணறல் மட்டுமல்ல. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 13,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் திடீர் இதய மரணத்துக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்றது அது. நோய் அடிக்கடி முற்றி அவதிப்படுபவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் பல படி கூடுகிறது.

ஹாலிவுட் இயக்குநர் டேவிட் லிஞ்ச், தனக்கு எம்பிசீமா என்ற சி.ஓ.பி.டி. வகை நுரையீரல் நோய் இருப்பதை 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார். சிறுவயதிலேயே தொற்றிக்கொண்ட சிகரெட் பழக்கத்தின் விலை அது. 2025 ஜனவரியில் அவர் காலமானார். அவருடைய இறப்புச் சான்றிதழில் இருந்த செய்தி: இதயம் நின்றுபோனது; அதற்கு அடிப்படைக் காரணம் சி.ஓ.பி.டி.

நுரையீரல் கெட்டால் இதயத்துக்கு என்ன?

இதயத்தின் வலப்பக்கம் செய்யும் ஒரே வேலை, உடலெங்கும் சுற்றிவந்த ரத்தத்தை நுரையீரலுக்குள் தள்ளுவது. ஆரோக்கியமான நுரையீரல் அதற்கு எந்தத் தடையும் போடாது. ஆக்ஸிஜன் குறைந்தால் கதை மாறுகிறது. ஆக்ஸிஜன் குறையும்போது நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன என்பதை ஸ்வீடன் விஞ்ஞானிகள் வான் ஆய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் 1946-இல் பூனைகளிடம் செய்த சோதனையில் காட்டினார்கள். நுரையீரலின் ஒரு மூலையில் காற்று போகவில்லை என்றால், ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடும் தற்காப்பு ஏற்பாடு அது. நுரையீரல் முழுவதும் கெட்டுப்போனால் எல்லாக் குழாய்களும் ஒருசேரச் சுருங்குகின்றன. அழுத்தம் ஏறுகிறது. வலப்பக்க இதயம் அந்த அழுத்தத்தை எதிர்த்து ஒவ்வொரு துடிப்பிலும் முட்டி மோதுகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை.

இதனால் வலது மேலறை விரிகிறது. துடிப்புக்கான மின்தூண்டல் உருவாவதும், அது முதலில் பரவுவதும் இந்த மேலறையில்தான். அதன் சுவர் இழுபட்டு, இடையிடையே நார்த்திசு படர்ந்தால், மின்னோட்டம் ஒழுங்கான பாதையில் போகாமல் சுற்றி வளைக்கத் தொடங்கும். கூடவே, உடலில் கரியமில வாயு தேங்கி ரத்தத்தின் அமிலத்தன்மை கூடுகிறது. மூச்சுத் திணறும் பயத்திலும் உழைப்பிலும் அட்ரினலின் ஏறுகிறது. நாள்பட்ட அழற்சி இதயத் தசையையும் தொடுகிறது. கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் நீர் மாத்திரை, வீசிங்குக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, நெபுலைசரில் போகும் சால்பியூட்டமால் ஆகிய மூன்றும் ரத்தத்தின் பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியவை. பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்த இதயம் சிறு தூண்டலுக்கும் தாறுமாறாகத் துடிக்கும்.

இடப்பக்கமும் தப்புவதில்லை. பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் மிஷேல் ஹைசாகேரும் அவருடைய குழுவினரும் 1998-இல் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக் கோளாறைத் தொடங்கிவைக்கும் தப்புத் துடிப்புகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவை, நுரையீரலிலிருந்து இதயத்தின் இடது மேலறைக்குத் திரும்பும் ரத்த நாளங்களிலிருந்து கிளம்புகின்றன. நுரையீரலும் இதயமும் சந்திக்கும் இடமே கோளாறு பிறக்கும் இடமாகவும் இருக்கிறது.

இரண்டு விதத் தடுமாற்றம்

நுரையீரல் நோயாளிகளிடம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவதன் பெயர் மல்டிஃபோகல் ஏட்ரியல் டாக்கிகார்டியா. சைன் முனை என்ற ஒரே இடத்திலிருந்து வர வேண்டிய மின்தூண்டல், மேலறையின் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களிலிருந்து மாறி மாறிக் கிளம்பும். ஒரே கச்சேரி மேடையில் மூன்று மிருதங்கக்காரர்கள் ஆளுக்கொரு தாளம் வாசிப்பதைப்போல. துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும், ஒழுங்கும் இருக்காது. 1968-இல் ஷைன், காஸ்டர், யுர்சாக் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள் 32 நோயாளிகளை ஆராய்ந்து ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இதை விரிவாக எழுதினார்கள். அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நுரையீரல் நோய் இருந்தது.

இந்தத் தாளக் கோளாறை விரட்டும் வழி வித்தியாசமானது. மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் முறை இதற்குப் பலன் தராது. டிஜாக்சின் மாத்திரையும் கை கொடுக்காது. ஆக்ஸிஜனைச் சரிசெய்து, நுரையீரல் தொற்றுக்கு மருந்து கொடுத்து, பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் ஈடுகட்டினால் பெரும்பாலும் தானே அடங்கும். தேவைப்பட்டால் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து துணைக்கு வரும். இதயத்தின் கோளாறுக்கு மருந்து நுரையீரலில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இரண்டாவது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இங்கே மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட தூண்டல்களுடன் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். கீழறைகளுக்கு அதில் சில மட்டும், அதுவும் ஒழுங்கின்றி வந்து சேரும். கோபன்ஹேகன் நகர இதய ஆய்வு 2003-இல் சொன்ன தகவல் முக்கியமானது. மூச்சை முழுதாக இழுத்து, பலமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பது நுரையீரலின் திறனைக் காட்டும் அளவு. அது இயல்பில் 60 முதல் 80 சதவீதமாகக் குறைந்திருந்தவர்களுக்கு, 80 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களைவிட, புதிதாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு 1.8 மடங்கு இருந்தது. நுரையீரல் முழுதாகச் சிதைந்த பிறகுதான் இதயம் தடுமாறும் என்பதில்லை. நடுத்தரக் குறைவே போதும்.

இந்த இரண்டிலும் நாடி தாறுமாறாகத்தான் ஓடும். விரல் வைத்துப் பார்த்து இது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இ.சி.ஜி. எடுத்தாலும், அவசரத்தில் பார்ப்பவர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளக்கூடும். சிகிச்சையோ இரண்டுக்கும் வேறு வேறு.

பக்கவாதம் என்ற மறைமுக ஆபத்து

மேலறை நடுங்கும்போது அதன் மூலையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஆய்வு 1991-இல் சொன்னது. ‘படபடப்பு வந்தது, நெபுலைசர் வைத்ததும் போய்விட்டது’ என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுதான். படபடப்பு போகலாம், உறைந்த கட்டி உள்ளேயே இருக்கலாம்.

வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றைக் கணக்கிட்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை யாருக்குத் தேவை என்று மருத்துவர் முடிவு செய்வார். வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற பழைய மருந்துகளை எடுப்பவர்கள், ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். சளித் தொற்றுக்குக் கொடுக்கும் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இவற்றின் வீரியத்தைக் கூட்டி, ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். நெஞ்சு நோய் மருத்துவரிடம் போகும்போது இதய மருந்துச் சீட்டும் கையில் இருப்பது இதற்காகவே அவசியம்.

நம் நாட்டுக்கென்று இன்னொரு கவலையும் உண்டு. இந்தியாவில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளைப் பதிவுசெய்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் பழுதான இதய வால்வு இருந்தது. வால்வு பழுதும் மூச்சு வாங்க வைக்கும், இருமலைத் தரும். ஆஸ்துமா, வீசிங் என்று நினைத்துப் பல வருடம் ஓட்டிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. தாறுமாறான நாடி தென்பட்டால் எக்கோ பரிசோதனை செய்து வால்வைப் பார்த்துவிடுவது, இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்டும்.

மருந்தே படபடப்பைக் கொண்டுவரும்போது

வீசிங் உள்ள வீடுகளில் டெரிஃபிலின் என்ற பெயர் பலருக்கு அறிமுகம். எட்டோஃபிலின், தியோஃபிலின் என்ற இரண்டும் சேர்ந்த மாத்திரை அது. தியோஃபிலினைத் தேயிலையிலிருந்து 1888-இல் பிரித்தெடுத்தவர் ஜெர்மன் விஞ்ஞானி ஆல்பிரெக்ட் கோசல். மூச்சுக்குழாயை விரிக்கும் பழைய மருந்து, விலையும் குறைவு. சிக்கல் என்னவென்றால், பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை பலன் தரும் அளவாக நெடுங்காலம் கருதப்பட்டது. 20-ஐத் தாண்டினால் குமட்டல், கை நடுக்கம், படபடப்பு. இன்னும் ஏறினால் இதயத் தாளம் தப்புவதும் வலிப்பும் நேரலாம். மல்டிஃபோகல் ஏட்ரியல் டாக்கிகார்டியாவே தியோஃபிலினின் நச்சு விளைவாக வரக்கூடும் என்று 1985-இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது.

இந்த மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சளி முற்றியதென்று சிப்ரோஃப்ளாக்ஸசின் அல்லது எரித்ரோமைசின் சேர்த்தால், கல்லீரல் தியோஃபிலினைச் சிதைக்கும் வேகம் குறைந்து, ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். புகையிலைப் புகையில் உள்ள வேதிப்பொருள்கள் கல்லீரலைத் தூண்டி தியோஃபிலினை வேகமாக வெளியேற்றவைப்பது இன்னொரு விசித்திரம். நோயாளி நல்ல முடிவெடுத்து பீடியை நிறுத்துகிறார். மாத்திரை பழைய அளவிலேயே தொடர்கிறது. ஒரு வாரத்துக்குள் மருந்து ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய், படபடப்பு தொடங்குகிறது. ‘பீடியை விட்டதும் உடம்பு கெட்டுப்போச்சு’ என்று அவர் மறுபடி பற்றவைத்துவிடக்கூடும். பீடியை நிறுத்தியதை மருத்துவரிடம் சொன்னால், அவர் மாத்திரையின் அளவைக் குறைத்துவிடுவார். அவ்வளவுதான் தேவை.

குறைந்த அளவில் தியோஃபிலின் கொடுத்தால் நோய் முற்றுவது குறையுமா என்று பிரிட்டனில் 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. பலன் இல்லை. இன்ஹேலர் கிடைக்கும் இடத்தில் இந்த மாத்திரைக்கு முதலிடம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய சர்வதேச வழிகாட்டிகளின் நிலை.

அப்படியானால் இன்ஹேலர்? நீல நிற அஸ்தாலின் இன்ஹேலரில் இருப்பது சால்பியூட்டமால். இந்த வகை மருந்துகளின் ஒரே ஒரு வேளை அளவு, துடிப்பை நிமிடத்துக்கு சராசரியாக 9 கூட்டுகிறது; பொட்டாசியத்தைச் சற்றே இறக்குகிறது. 2004-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து சொல்லப்பட்ட கணக்கு இது. அவசரத்துக்கு இரண்டு முறை உறிஞ்சுவதற்கும், மூச்சு வாங்கும்போதெல்லாம் கணக்கில்லாமல் நெபுலைசர் வைத்துக்கொண்டே இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது. தினமும் எடுக்கும் நீண்ட நேர இன்ஹேலர் மருந்து இதயத்துக்குக் கெடுதலா என்பதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். ‘சம்மிட்’ என்ற அந்த ஆய்வில், இதய நோய் அல்லது அதற்கான ஆபத்து உள்ள 16,485 சி.ஓ.பி.டி. நோயாளிகள் 43 நாடுகளில் பங்கேற்றார்கள். 2016-இல் வந்த முடிவு, சரியான அளவில் எடுத்த இன்ஹேலர் இதயப் பாதிப்புகளை அதிகரிக்கவில்லை என்று காட்டியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது என்பதற்காக சி.ஓ.பி.டி. சிகிச்சையை மாற்ற வேண்டியதில்லை என்றே ‘கோல்ட்’ எனப்படும் உலக வழிகாட்டியும் சொல்கிறது.

அசித்ரோமைசினும் கவனம் கேட்கும் மருந்து. அடிக்கடி நோய் முற்றும் சிலருக்கு இதை நீண்ட நாள் கொடுப்பது பலன் தரும் என்று 2011-இல் தெரிந்தது. மறு ஆண்டே அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தரவுகள் இன்னொரு பக்கத்தைக் காட்டின: பத்து லட்சம் முறை இந்த மருந்து கொடுக்கப்பட்டால் கூடுதலாக 47 இதய மரணங்கள். இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்தை இது நீட்டிவிடுவதே காரணம். 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரிக்கை விடுத்தது. ஆபத்து சிறியது, ஏற்கெனவே தாளக் கோளாறும் பொட்டாசியக் குறைவும் உள்ளவருக்கு அது சிறியதல்ல. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரையாக இது இருக்கக் கூடாது.

பீட்டா பிளாக்கர் பயம்

இதயத் துடிப்பைக் குறைக்க மருத்துவர்கள் அதிகம் நம்பும் மருந்து வகை பீட்டா பிளாக்கர். வீசிங் உள்ளவர்களுக்கு இதைக் கொடுத்தால் மூச்சுக்குழாய் சுருங்கும் என்ற பயம் நெடுநாளாக உண்டு. புரோபிரனலால் போன்ற பழைய மருந்துகளைப் பொறுத்தவரை அந்தப் பயம் நியாயமானது. மெட்டோபிரலால், பைசோபிரலால் போன்றவை பெரும்பாலும் இதயத்தின் மீதே வேலை செய்பவை. இதயத்துக்கு உண்மையான தேவை இருக்கும் சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு இவற்றைக் கவனத்துடன் கொடுக்கலாம். தேவையே இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் 532 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2019-இல் காட்டியது. நோய் முற்றுவது தள்ளிப்போகவில்லை. மருத்துவமனையில் சேரும் அளவுக்குக் கடுமையாக முற்றுவது கூடியது.

வெராபமில், டில்டியாசெம் ஆகியவை மூச்சுக்குழாயைத் தொடாமல் துடிப்பைக் குறைப்பவை. இதயத்தின் பம்பு செய்யும் ஆற்றல் குறைந்தவர்களுக்கு அவை ஆகாது. அமியோடரோன் சக்திவாய்ந்த தாள மருந்து. சிலருக்கு அது நுரையீரலையே தழும்பாக்கிவிடும் என்பதால், ஏற்கெனவே நுரையீரல் கெட்டவருக்கு யோசித்தே கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான மாத்திரை என்று ஒன்று இல்லாத இடத்தில், நெஞ்சு நோய் மருத்துவரும் இதய மருத்துவரும் ஒரே கோப்பைப் பார்த்து முடிவெடுப்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு.

ஆக்ஸிஜன்: குறையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எப்போதும் குறைவாகவே உள்ள நோயாளிகளுக்கு, நாளுக்கு 15 மணி நேரம் வீட்டிலேயே ஆக்ஸிஜன் கொடுத்துப் பார்த்தது பிரிட்டனில் 1981-இல் வெளியான ஆய்வு. 87 பேர். ஐந்து ஆண்டுகளில், ஆக்ஸிஜன் பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தார்கள். ஆக்ஸிஜன் பெற்ற 42 பேரில் இறந்தவர்கள் 19.

நல்லதுதானே என்று வேகமாகத் திறந்துவிட்டால், சி.ஓ.பி.டி. நோயாளிக்கு அது வினையாக முடியலாம். கரியமில வாயு தேங்கி, மயக்கமும் அமிலத்தன்மையும் கூடும், துடிப்பும் கெடும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வந்த நோயாளிகளிடம் நடந்த சோதனை 2010-இல் வெளியானது. அளவாக, ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதத்துக்குள் இருக்குமாறு கொடுத்தபோது, சி.ஓ.பி.டி. உறுதியானவர்களிடையே மரணம் 78 சதவீதம் குறைந்தது. கொரோனா காலத்தில் 95-க்குக் கீழே வந்தாலே பதறப் பழகிய குடும்பங்கள், தங்கள் வீட்டு சி.ஓ.பி.டி. நோயாளிக்கு எந்த எண் இலக்கு என்பதை மருத்துவரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கருத்த தோலில் ஆக்சிமீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020-இல் வந்த அமெரிக்க ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நாடி தாறுமாறாக ஓடும்போதும் அந்தக் கருவியின் எண்ணை முழுதாக நம்ப முடியாது.

அந்த முப்பது நாள்கள்

சளித் தொற்றோ புகையோ பட்டு, நோய் திடீரென முற்றி மருத்துவமனைக்குப் போகிறார் ஒருவர். ஆக்ஸிஜன், ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு, நெபுலைசர். நாலைந்து நாளில் வீடு திரும்புகிறார். ஆபத்து கடந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கும் காலம் அது. ‘சம்மிட்’ ஆய்வின் தரவுகளை மறுபடி அலசியபோது, நோய் முற்றிய முதல் 30 நாள்களில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் வரும் ஆபத்து, மற்ற நாள்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று தெரிந்தது. 2018-இல் வெளியான முடிவு இது.

அந்த ஒரு மாதம் கூடுதல் கவனத்துக்கு உரியது. வீடு திரும்பிய இரண்டொரு வாரத்தில் ஒருமுறை போய் இ.சி.ஜி.யும் பொட்டாசியமும் பார்த்துவிட்டு வருவது பெரிய செலவில்லை.

வீட்டில் கவனிக்க

• மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. எண்ணிக்கையோடு, இடைவெளி சீராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

• வீட்டு பி.பி. கருவிகள் சிலவற்றில் ஒழுங்கற்ற துடிப்புக்கான அடையாளம் தோன்றும். ஒருமுறைக்கு மேல் தோன்றினால் இ.சி.ஜி. எடுங்கள்.

• வழக்கமான இன்ஹேலரை எடுத்தும் மூச்சு வாங்கல் புதிதாகக் கூடினால், அது நுரையீரல் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

• புதிய மருந்து எதைச் சேர்த்தாலும், பீடி சிகரெட்டை நிறுத்தினாலும், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• மயக்கம், நெஞ்சு வலி, உதடு நீலமாதல், காரணமில்லாத தூக்கக் கலக்கம், ஓய்வில் 120-ஐத் தாண்டி இறங்காத துடிப்பு, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

புகையிலிருந்து தொடங்க வேண்டும்

புகை இதயத் தாளத்தை நேரடியாகவே கெடுக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நெஞ்சில் டிஃபிப்ரிலேட்டர் கருவி பொருத்தப்பட்ட 176 பேரைக் கண்காணித்தார்கள். தாளம் தப்பிய நேரத்தை அந்தக் கருவி தானாகவே குறித்துவைக்கும். காற்றில் பி.எம்.2.5 நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 6 மைக்ரோகிராம் கூடினால், அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு 26 சதவீதம் கூடியது. 2013-இல் வெளியான முடிவு. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட ஆண்டுச் சராசரியே 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 5. போகியன்று சென்னையை மூடும் புகையும், தீபாவளி இரவின் பட்டாசுப் புகையும் இருமலைத் தாண்டி எங்கே போய்த் தைக்கின்றன என்பதை இந்த எண்களை வைத்து யோசிக்கலாம்.

அடுப்புப் புகையும் கடந்த காலத்துக் கதையாகிவிடவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்த ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்களில் 2.44 சதவீதம் பேருக்கு சி.ஓ.பி.டி. இருந்தது. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமையலறையில் இருந்தவர்களிடையே அது ஏறக்குறைய இரு மடங்கு. 2016-இல் தொடங்கிய உஜ்வாலா திட்டம் கோடிக்கணக்கான வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கொடுத்தது. சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வாங்கும்வரை விறகடுப்புக்குத் திரும்பும் வீடுகளில் புகை முழுதாக விலகுவதில்லை. புகைபிடித்ததே இல்லை என்பதால் இந்தப் பெண்களுக்கு நுரையீரல் நோய் இருக்கும் என்ற சந்தேகமே யாருக்கும் வராமல் போகலாம். அதனால் வரும் இதயக் கோளாறு அதைவிடத் தொலைவில் நிற்கிறது.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வந்து பரிசோதிக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டத்திலும் இப்போது சி.ஓ.பி.டி. சேர்க்கப்பட்டிருக்கிறது. பி.பி. பார்க்கும் அதே ஊழியர், நாள்பட்ட இருமலும் இளைப்பும் உள்ளவரின் நாடியை ஒரு நிமிடம் எண்ணி, சீராக இல்லை என்றால் இ.சி.ஜி.க்கு அனுப்பலாம். நாற்பது வயதைத் தாண்டியும் விறகடுப்பில் சமைக்கும் பெண்ணை ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனைக்கு அனுப்பலாம். இன்ஹேலர் வாங்க வரும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இ.சி.ஜி. என்ற விதியை அரசு மருத்துவமனைகளின் நெஞ்சு நோய்ப் பிரிவுகளில் கொண்டுவரலாம். இவற்றுக்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. நாடி பார்க்க ஒரு நிமிடம், இ.சி.ஜி. எடுக்கப் பத்து நிமிடம். அந்த நேரத்தை ஒதுக்கும் உத்தரவுதான் வர வேண்டியிருக்கிறது.